சாடிக்குள் இருந்த பித்தப்பை

மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, தென்னை உயரத்தில் தொங்கிக்கொண்டு மிளகு பறிப்பவன் நான். ஊசியைக் கண்டால் மட்டும் கட்டிலுக்கு அடியில் இடம் தேடுவேன்.

பித்தப்பையில் கல் இருக்கிறது, பையோடு எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். தள்ளிப்போட்டுச் சீழ் பிடித்தால், மலையிலிருந்து இறங்கி வருவதற்குள் காரியம் கெட்டுவிடும் என்றும் சொன்னார். இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன், இரண்டு முறையும் தப்பினேன். முதல் முறை டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பி, மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் போய்க் குடித்தேன். இரண்டாம் முறை ஆஸ்பத்திரி கொடுத்த பச்சை அங்கியோடே பஸ் ஏறிவிட்டேன். அந்த அங்கிக்குப் பின்பக்கம் இரண்டு முடிச்சு மட்டும்தான். வளைவுக்கு வளைவு முதுகைச் சீட்டோடு ஒட்டியே வைத்துக்கொண்டு வீடு சேர்ந்தேன்.

மனைவி காரணம் கேட்டாள். நியாயம் பேசினேன்.

"கோயில்ல கெடா வெட்டறதுக்கே தண்ணி தெளிச்சு உத்தரவு கேக்கறோம். அது ஒடம்பைச் சிலுப்புனாத்தான் கத்தி. எங்கிட்ட ஒருத்தராச்சும் கேட்டாங்களா புள்ள?"

"கெடா அங்கியோட பஸ் ஏறுனதில்லீங்க," என்றாள்.

அந்த வாரம் கீழே ஒரு மருத்துவக் கல்லூரியில், மனித உடலுறுப்புகளை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். எதைக் கண்டு ஓடுகிறேனோ அதை நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். என் மேல் எனக்கு நம்பிக்கை இல்லாததால் பர்ஸையும் போனையும் மனைவியிடமே கொடுத்துவிட்டேன். ஓடினாலும் நடந்துதான் மலையேற வேண்டும்.

செத்தவர்கள் இருக்கும் இடமாயிற்றே என்று வாசலில் செருப்பைக் கழற்றினேன். பின்னால் வந்த குடும்பமும் கழற்றியது. சற்று நேரத்தில் அங்கே திருவிழா வாசல் போலச் செருப்புக் குவியல்.

உள்ளே மருந்து வாசனை. வரிசையாகக் கண்ணாடிச் சாடிகள். முதல் பத்து சாடிகளைக் கடக்கும்வரை நான் தரையில் பதித்த கல்லைத்தான் பார்த்தேன். அருமையான கல்.

"தலையைத் தூக்குங்க," என்றாள் மனைவி.

தூக்கினேன். எதிரே பித்தப்பை. வாடிய பிஞ்சுக் கத்திரிக்காய் அளவுதான் இருந்தது. பக்கத்துத் தட்டில் அதிலிருந்து எடுத்த கற்கள். தொழில் புத்தி விடுமா? காய்ந்த மிளகு, இரண்டாம் தரம் என்று மதிப்புப் போட்டுவிட்டேன்.

விளக்கம் சொல்ல வெள்ளைக் கோட்டோடு ஒரு மாணவி நின்றிருந்தாள்.

"இவருகிட்டக் கேட்டுத்தான் எடுத்தாங்களா கண்ணு?" என்றேன்.

"ஆமாங்கய்யா. செத்ததுக்கப்புறம் முழு ஒடம்பையும் எடுத்துக்கங்கன்னு, உசிரோட இருக்கறப்பவே கையெழுத்துப் போட்டுக் குடுத்தவருங்க."

முழு உடம்பு. நான் ஒரு கத்திரிக்காய்க்காக இத்தனை வழக்காடியிருக்கிறேன். வெட்கம் வந்தது. வெட்கத்தோடு மயக்கமும் வந்தது. மனைவி பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தாள். அந்தப் பெண் பாட்டில் தண்ணீரை என் உச்சந்தலையில் கவிழ்த்தாள். நான் தலையிலிருந்து இடுப்புவரை ஒரு சிலுப்பு சிலுப்பினேன்.

"உத்தரவு குடுத்துட்டாருங்க," என்றாள் மனைவி அந்தப் பெண்ணிடம். கெடா விஷயத்தை விளக்கியும் சொன்னாள். சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது.

"அது தண்ணி சில்லுனு இருந்ததுக்குப் புள்ள."

"கெடாவுக்கும் அதேதானுங்க."

எழுந்து, சட்டையைப் பிழிந்துவிட்டு, மிச்சச் சாடிகளை ஒன்று விடாமல் பார்த்தேன். கண்ணை மூடவில்லை. பித்தப்பைச் சாடிக்குத் திரும்பி வந்து, கையெழுத்துப் போட்ட அந்த முகம் தெரியாத மனிதரைக் கும்பிட்டேன்.

திங்கட்கிழமை மூன்றாம் முறையாக அதே ஆஸ்பத்திரி. அதே பச்சை அங்கி. நர்ஸ் படிவத்தை நீட்டுவதற்கு முன்னால் நானே பேனா கேட்டேன். எழுத்தெழுத்தாக நிறுத்தி எழுதியதில் என் பெயர் இரண்டு வரி எடுத்துக்கொண்டது, ஆனாலும் முழுதாகப் போட்டேன். தள்ளுவண்டியில் போகும்போது திரும்பிப் பார்த்தேன். மனைவி, எதற்கும் இருக்கட்டும் என்று, என் செருப்பை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.