அம்சத்தின் இடது கன்னம்

கீழ்வேளூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருபத்தெட்டு வருடமாக ஸ்டூடியோ நடத்தும் நெடுமாறனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உள்ளதை உள்ளபடி விடமாட்டார். வெயிலில் நடவு நட்டுக் கறுத்தவர்கள் அவர் எடுத்த படத்தில் வெளுத்துப் போனார்கள். ஃபிலிம் காலத்தில் தழும்பையும் மச்சத்தையும் பென்சிலால் மறைத்தவர், கம்ப்யூட்டர் வந்ததும் மவுஸால் துடைத்தார். ஜனங்களும் அதைத்தான் கேட்டு வாங்கிப் போனார்கள்.

அந்தப் பழக்கம் கடைசியில் மனைவியின் வேலைக்கே வேட்டு வைக்கப் பார்த்தது. முதியோர் பராமரிப்பில் ஆறு மாதப் பயிற்சி முடித்த அம்சம், நாகப்பட்டினத்தில் ஒரு முதியோர் இல்லத்து வேலைக்கு மனுக் கொடுக்கப் போனாள். அன்றுதான் கடைசி நாள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அங்க அடையாளம் ‘இடது கன்னத்தில் மச்சம்’ என்றிருந்தது. போட்டோவில் கன்னம் வழவழவென்று இருந்தது. ஐந்து மணிக்குள் வேறு போட்டோ வேண்டும் என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்குள் வந்தாள்.

“என் மச்சத்த எங்கங்க வச்சீங்க?”

“அழகா இருக்கட்டுமேன்னுதான்...”

“வயசானவங்களக் குளிப்பாட்டி விடப் போறேன். அதுக்கு அழகு எதுக்கு? சட்டுனு எடுங்க.”

எடுத்தார். பிரிண்ட் வந்தது. மறுபடியும் மச்சத்தைக் காணோம். சத்தியமாக அவர் வேண்டுமென்று செய்யவில்லை; கை தன்பாட்டுக்குச் செய்துவிட்டது.

“எந்திரிங்க,” என்று அவரை நாற்காலியிலிருந்து கிளப்பிவிட்டு மவுஸைத் தானே பிடித்தாள் அம்சம். “எத அமுக்கணும்னு வாயால சொல்லுங்க. கையக் கட்டிக்குங்க.”

மச்சத்தோடு பிரிண்ட் வந்தபோது மணி நாலரை. நெடுமாறன் வண்டியை விரட்டினார். வழியெல்லாம் அவள் போட்டோவை முந்தானைக்குள் பொத்தியே வைத்திருந்தாள், அவர் திரும்பிப் பார்த்தால்கூட மச்சம் போய்விடும் என்பதுபோல.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கவுண்டரில் இருந்தவர் சான்றிதழையும் போட்டோவையும் அவள் கன்னத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து மனுவில் முத்திரை குத்தினார்.

“போட்டோன்னா இப்படி இருக்கணும்மா,” என்றவர், தன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினார். அதிலிருந்த முகம் புதுச் சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தது. “எம் பொண்டாட்டியே யாரு இதுன்னு கேக்குறா.”

“எங்க எடுத்தீங்க?”

“கீழ்வேளூர்லதான். ரயில்வே கேட்டுக்கிட்ட.”

அம்சம் திரும்பினாள். பின்னால் நின்ற நெடுமாறன், வண்டி எடுக்கப் போய்விட்டிருந்தார்.