காய்ஞ்சது வேற, ஆறினது வேற

குவித்துவைத்த கோழி எருக்கும்பிக்குள் கம்பியை ஆழச் செருகிவிட்டுக் குலசிங்கம் வேலியோரம் போய்க் குந்திக்கொள்கிறார். சீனன்குடாப் பக்கம் எழும்பிய பயிற்சி விமானம் மூன்று தரம் வட்டமடிக்கும்வரை கம்பி உள்ளேயே கிடக்கவேண்டும். பிறகு வந்து உருவி, சாரத்தில் துடைத்து, இடது கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடுகிறார். கண்ணைத் திறந்தபோதும் முகத்தில் தெளிவில்லை. கம்பி மறுபடியும் கும்பிக்குள் போகிறது.

"கையெல்லாம் காய்ப்பு, ரீச்சர். கைக்குச் சூடு விளங்காது. கன்னத்துக்குத்தான் விளங்கும்."

என் ரோசாச் செடிகளுக்கு இரண்டு பை எரு கேட்டு, லிங்கநகரிலிருந்து கப்பல்துறைக்கு நான் ஸ்கூட்டியில் வருவது இது நாலாவது கிழமை. ஒவ்வொரு முறையும் "அடுத்த கிழமை பாப்பம்" என்ற ஒரே கதைதான். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ஐம்பத்தெட்டு வயது மனிதர், புடையன் பாம்பைத் தடியால் தூக்கி அப்பால் போடுகிறவர், கோழி எருவுக்கு இப்படி நடுங்கலாமா?

எருக்களுக்கு அவரிடம் குணம் குறித்த சான்றிதழ் உண்டு. "மாட்டெரு சாது. என்ன செய்தாலும் கோவிக்காது. ஆட்டுப்புழுக்கை கொஞ்சம் பிடிவாதம், மெள்ள மெள்ளத்தான் கரையும். கோழி இருக்கே, அது பொல்லாதது. வெளியால சிரிச்சுக்கொண்டு உள்ளுக்குள்ள கறுவிக்கொண்டிருக்கும்." மாட்டெருவைக் கிண்ணியா முனீப்பின் பட்டியிலிருந்து எடுக்கிறார். காட்டோரம் கிடக்கும் யானை லத்தியைத் தொடமாட்டார். தன்னுடைய சாமானைத் தேடி யானை வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார். ஒருமுறை அவருடைய மச்சாள், மான்கள் திரியும் கோட்டையடி வீதியில் பொறுக்கிய மான் புழுக்கையை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தாராம். அன்றைக்கே பஸ் ஏறித் திருப்பிக் கொடுத்துவிட்டார். "மானுக்கு அரசாங்கம் காவல். புழுக்கைக்கும் சட்டம் இருக்குதோ ஆருக்குத் தெரியும்?" நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இந்தப் பயம் 2021இல் தொடங்கியது. அந்த வருஷம் இரசாயனப் பசளை நாட்டுக்குள் வராமல் நின்றுபோக, எல்லோரும் எருவுக்கு ஓடினார்கள். கந்தளாய்ப் பக்கமிருந்து ஒரு லொறி கோழி எரு இறக்கினார் குலசிங்கம். ஒரு மாதம் வெயிலில் கிடந்து பொடியாகிவிட்டது. மனைவி இராசமலர், "போடலாமோ?" என்று கேட்டார். இவர் கையை வைத்துப் பார்த்து, "ஆறிட்டுது" என்றார். இராசமலரின் சீதனக் காணியில் ஆயிரத்தைந்நூறு மிளகாய்க் கன்றுகளை நட்டார்கள். மூன்றாம் நாள் மழை. நனைந்த எரு மண்ணுக்குள் மறுபடி வேகத் தொடங்கியது. கிழமை முடியமுன் இலைகள் ஓரம் கருகின. அடுத்த கிழமை காணி முழுவதும் வெறும் குச்சிகள்தான் நின்றன.

"காய்ஞ்சது வேற, ஆறினது வேற, ரீச்சர். நான் ரெண்டும் ஒண்டெண்டு நினைச்சிட்டன்."

அதன்பிறகு இராசமலர் உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புத் துவைக்கப் போனார். நாலு வருஷம் துவைத்துவிட்டு இந்தப் புரட்டாசியில்தான் வேலையை விட்டார், மறுபடி மிளகாய் நடுவதற்காக. "இந்த முறையும் எரிஞ்சா காணியை வித்துப்போடவேண்டியதுதான்" என்று என்னிடம் நேரடியாகவே சொன்னார். நாலு வருஷமாகக் குலசிங்கத்தின் வாயில் 'ஆறிட்டுது' என்ற சொல் வந்ததில்லை. தேத்தண்ணி ஆறிவிட்டதா என்று கேட்டால்கூட, "குடிக்கலாம் போல கிடக்கு" என்பார்.

இம்முறை கும்பிக்கு நாளாந்தம் தண்ணீர் தெளித்தார், கிழமைக்கு ஒருக்கால் பிரட்டினார், மாட்டெருவும் கலந்தார். கும்பி மூன்று மாதமாகக் கிடக்கிறது. நாற்றுக்கோ நாற்பத்தைந்து நாள் தாண்டிவிட்டது, தண்டு முற்றத் தொடங்குகிறது.

இன்று கடல் பக்கம் முகில் கறுத்துக் கிடந்தது. இராசமலர் நாற்றுக் கட்டைக் கடகத்தில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இஞ்சருங்கோ, இண்டைக்கு நடாட்டி இதை எறியத்தான் வேணும்."

குலசிங்கம் கம்பியை உருவிக் கன்னத்தில் வைத்தார். மறுபடி செருகப் போனார்.

"சொல்லுங்கோவன்."

"இன்னும் ஒரு கிழமை..."

"போன கிழமையும் இதைத்தானே சொன்னனீங்கள்!"

பொறுக்கமுடியாமல் நான் குறுக்கே விழுந்தேன். "அக்கா, நீங்களே கையை வைச்சுப் பாருங்கோவன்."

"காலமை பாத்திட்டன், ரீச்சர். குளுகுளு எண்டு கிடக்கு. ஆனா நான் சொல்லி என்ன? இவர் சொல்லவேணும். இவர் சொல்லாம நான் நடமாட்டன்."

எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. குலசிங்கம் கம்பியை மறுபடி சாரத்தில் துடைத்தார். முதல் துளி கொட்டிலின் தகரக் கூரையில் விழுந்த சத்தம் கேட்டதும் திடுக்கிட்டு மேலே பார்த்தார். பிறகு கம்பியைக் கீழே போட்டார். கும்பியிலிருந்து இரண்டு கை எருவை அள்ளிக்கொண்டு போய்ப் பாத்தியில் வைத்து, குழி பறித்து, அதில் போட்டு, மண்ணோடு பிசைந்தார். மனைவியைப் பார்க்காமலே கையை நீட்டினார். இராசமலர் ஒரு கன்றை எடுத்துக் கொடுத்தார்.

நட்டு, மண் அணைத்தார். மழை பிடித்துக்கொண்டது. நான் கொட்டிலுக்குள் ஓடினேன். "எழும்புங்கோ, நனையிறியள், மற்றக் கண்டுகளையும் வைப்பம்" என்று இராசமலர் கூப்பிட்டார்.

அவர் எழும்பவில்லை. பாத்தியில் குப்புறப் படுத்து, அந்த ஒற்றைக் கன்றின் அடியில், நனைகிற மண்ணின்மேல் இடது கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.