மேரியின் கை விடாத கயிறு

தறிக்குழியில் இறங்கினால் சாப்பாட்டை மறந்துவிடுகிற மேரிக்கு, அந்த மாதம் குழியில் இருப்புக் கொள்ளவில்லை. கை ஊடை இழை ஓட்டும் நாடாவைத் தள்ளும்; கண் வாசலில் இருக்கும். வாசலில் குண்டு சங்கிலியை இழுத்து ஊளையிட்டுக்கொண்டிருந்தது. பெயர்தான் குண்டு, விலா எலும்பு தெரிகிற நாட்டு நாய்.

கட்டிப்போட வேண்டியதாகிவிட்டது. விடிந்ததும், தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளான பாவு முழுவதையும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி போட்டுச் சீராக்குவது அந்தத் தெருவின் வழக்கம். பக்கத்து வீட்டு உமாபதி நீட்டியிருந்த பாவுக்குள் குண்டு ஒரு பூனையைத் துரத்திக்கொண்டு பாய்ந்துவிட்டது. அறுந்ததையெல்லாம் முடிவதற்குள் பொழுது சாய்ந்தது. மேரியும் கூடவே குந்தி இழைகளை முடிந்தாள்.

"இன்னொரு தபா பாவுல பூந்துச்சின்னா, நான் பேசிக்கினு இருக்க மாட்டேன்மா," என்றார் உமாபதி.

மேரியின் கணவன் சிட்டிபாபு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். "மாசக் கடைசி ஞாயித்துக்கெழம திருப்புட்குழில என் தங்கச்சி வூட்ல வுட்டுட்டு வந்துர்றேன். வயல்ல ஓடிக்கினு கெடக்கட்டும்," என்றான்.

"கூப்ட்டா வர்ற மாதிரி பழக்கிட்டா?"

"நான் கூப்ட்டா நீயே வர்றது இல்ல. அது வந்துருமா?"

தினமும் இருட்டுப் பிரிவதற்குள் திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில் இருக்கும் வெற்று நிலத்துக்குக் குண்டுவை நடத்திப் போனாள். நீளக் கயிறு, மடியில் வேகவைத்த ஈரல். "குண்டு, வா!" உடனே வந்தது. மறுபடி கூப்பிட்டாள்; வந்தது. கயிற்றை அவிழ்த்தாள். ஆட்டு மந்தையைப் பார்த்து ஓடியது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொண்டை வறளக் கத்தி, ஒருவழியாக வந்ததைப் பிடித்து முதல் வேலையாகக் கட்டினாள்.

நாலைந்து நாள் இதே கதை. ஒரு நாள் காலையில், கயிறு கட்டியிருக்கும்போது, கூப்பிட வாயைத் திறப்பதற்கு முன்பே குண்டு திரும்பியதைக் கவனித்தாள். தன் கையைப் பார்த்தாள். விரல்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தன.

இழை தொய்ந்தால் துணி கெடும். தொய்வைக் கண்டதும் இழுக்கப் பழகிய கை, இங்கேயும் அதையே செய்திருக்கிறது. குண்டு அவள் குரலுக்கு வரவில்லை, இழுப்புக்கு வந்திருக்கிறது. இழுப்பு போனதும் அதற்கு மேரியும் இல்லாமல் போயிருக்கிறாள். வந்தால் கிடைப்பதோ மறுபடி கயிறு.

கயிற்றைத் தரையில் போட்டாள். உள்ளங்கை நமைச்சல் தாளாமல் கைகளை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். ஒரே முறை கூப்பிட்டாள். வந்தால் ஈரல், கட்டாமல் உடனே "போ" என்று அனுப்பினாள். சில நாள் வந்தது. சில நாள் ஆடுகள் ஜெயித்தன.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை திரும்பும்போது, அன்றைக்கு யாரும் பாவு நீட்டவில்லை, தெரு காலியாக இருக்கும் என்று நம்பி முனையில் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். மறுநாள் நீட்ட வேண்டிய பாவை, மழை வரும் என்று பயந்து உமாபதி அன்றைக்கே நீட்டியிருந்தார். பாவுக்கு அடியில் ஒரு பூனை.

குண்டு பறந்தது.

மேரியின் கை வெறும் காற்றை இழுத்தது. "குண்டு, வா!" என்று ஒருமுறைதான் கூப்பிட்டாள். பிறகு, துரத்தினால் இன்னும் ஓடும், விலகி ஓடினால் பின்னால் வரும் என்று, வந்த வழியே திரும்பி ஓடினாள். பின்னால் யாரோ "ஐயோ பாவு!" என்றார்கள். அவள் திரும்பவில்லை. அப்புறம் காலில் ஈர மூக்கு பட்டது.

ஈரல் முழுவதையும் கொடுத்துவிட்டு மறுபடி முனைக்கு வந்தாள். பாவில் ஓர் இழையும் அறுந்திருக்கவில்லை. உமாபதி இடுப்பில் கை வைத்து நின்றார்.

"கயிறு எங்கமா?"

"தோ, தோள்ல இருக்குது. கட்டிர்றேன்ணா."

"அடுத்த தபாவும் வருமா?"

"தெரியலைண்ணா."

உமாபதி பாவைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். "கட்ட வேணாம். அப்டியே ஓரமா இட்டுக்கினு போ, பாக்கலாம். வூடு போய்ச் சேந்துச்சின்னா நாய அனுப்ப வேணாம்னு நானே ஒன் வூட்டுக்காரன்கிட்ட பேசறேன்."

மேரி பாவின் ஓரமாக நடந்தாள். குண்டுவின் வால் இழைகளுக்கு ஒரு சாண் தள்ளி ஆடிக்கொண்டே வந்தது.