மோடத்துக்குத் தைத்த உறை

இணையம் தரும் அந்த மோடம் என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளம். வெள்ளை நிறம், ஓரம் மட்டும் லேசாக மஞ்சள் தட்டியிருக்கும். கணினியில் செருகினால் அதன் தலையில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் என் மருமகளுக்கு வேலை உண்டு, அணைந்தால் இல்லை. கணினியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் மூன்று மாதம் அடுப்பைப் பார்த்ததைவிட அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் அதிகம்.

அது என் மகனுடைய மோடம். நாற்பத்தொரு வயதில், காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே கட்டிலில் சாய்ந்து போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. காரியங்கள் முடிந்ததும் செராஸிலிருந்து மருமகளின் அண்ணன் வந்து அவளைக் கூப்பிட்டார். அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே, "நீங்க போங்கண்ணே. அத்தைக்கு மாத்திர எடுத்துக் குடுக்கவே ஆளில்ல. நான் எங்க வர்றது?" என்றாள். அன்றைக்கு நான் உள்ளறையில் இருந்தேன். வெளியே வந்து அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. எனக்கு எப்போதுமே அப்படித்தான், மனதில் இருப்பது வாய்க்கு வருவதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடும்.

பிறகு அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. ஒரு கம்பெனிக்கு வரும் போன் அழைப்புகளை வீட்டில் இருந்தபடியே கணினி வழியாக எடுத்துப் பேச வேண்டும். முதல் மூன்று மாதம் பரீட்சை மாதிரி. பேச்சு நடுவில் அறுந்தால் அது அவள் பெயரில் பதிவாகும். தேறினால்தான் நிரந்தரம். கிள்ளானில் எங்கள் நாலாவது மாடி வீட்டுக்குக் கம்பி வழி இணையம் வரவில்லை. அதனால் மகனுடைய மோடத்தை எடுத்தாள். சன்னல் பக்கம்தான் லைன் நன்றாகக் கிடைத்தது. ஒரு நீள வயரில் மாட்டி, மோடத்தைச் சன்னல் கம்பியில் தொங்கவிட்டு, கீழே மேசை போட்டு உட்கார்ந்தாள்.

நாங்கள் ரயில்வே வேலைக்காரக் குடும்பம், மெதடிஸ்ட் சபைக்காரர்கள். எங்கள் வீடுகளில் விலை கொடுத்து வாங்கிய சாமான் எதுவும் வெறும் உடம்போடு இருக்கக் கூடாது. வேதாகமத்துக்கு உறை, ரேடியோவுக்கு உறை, தையல் மெஷினுக்கு உறை, ஐஸ்பெட்டிக் கைப்பிடிக்குக்கூட ஒரு குட்டி உறை. டிவி ரிமோட்டை அது வந்த பிளாஸ்டிக்கோடுதான் இன்றைக்கும் அமுக்குகிறோம். அப்படியிருக்க, மகன் கைபட்ட சாமான் சன்னலில் தூசியிலும் வெயிலிலும் தொங்கினால் எனக்கு எப்படி இருக்கும்? கறுப்பு வெல்வெட் துணி கொஞ்சம் மிச்சம் இருந்தது. விழுந்தாலும் உடையாதபடி உள்ளே இரண்டு அடுக்குப் பஞ்சு வைத்து, அடியில் வயர் போக ஓட்டையும், தலையில் விளக்குத் தெரிய ஒரு வட்டமும் விட்டு, ஓரத்துக்கு லேஸ் வைத்துத் தைத்தேன். கண் சரியாகத் தெரியாமல் இரண்டு நாள் ஆனது. மாட்டிவிட்டபோது மருமகள் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அழகா இருக்கு அத்த" என்றாள்.

சூடு அந்த வாரத்திலேயே தொடங்கியது. அரை மணி நேரம் பேசினால் போதும், அவித்த முட்டையை அப்போதுதான் எடுத்தது மாதிரி கொதிக்கும். பச்சை விளக்கு இரண்டு தரம் சிமிட்டும், அணைந்துவிடும். அவள் பேசிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நிற்கும். மோடத்தைப் பிடுங்கி, உறையைக் கழற்றி, தரையில் மொசைக் கல்லின் மேல் வைப்போம். ஆறியதும் நான் மறுபடி உறை போட்டுக் கொடுப்பேன், அவள் செருகுவாள். அந்தப் பக்கத்து ஆளைத் திரும்பக் கூப்பிட்டு, "மாஃப் யா புவான், மாஃப் யா" என்று மன்னிப்புக் கேட்பாள். அவர்கள் திட்டுவது எனக்குக் கேட்காது. அவள் முதுகைப் பார்த்தால் தெரியும்.

என்னென்னவோ செய்து பார்த்தாள். வயரை மாற்றினாள். கணினியில் வேறு ஓட்டையில் செருகினாள். மேசையைச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டாள், அங்கே லைன் இல்லை. சன்னலுக்கு வெளியே பழைய அட்டைப்பெட்டியை வெட்டி வெயில் மறைப்பு கட்டினாள். லைன் கம்பெனிக்குப் போன் செய்தால் அணைத்துப் போடச் சொன்னார்கள். அணைத்துப் போட்டுப் போட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. நான் என் பங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன், உறைக்கு மேலே.

ஒருநாள் மத்தியானம் சோற்றுத் தட்டோடு வந்து நின்றவள், மோடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அத்த, இது கொஞ்சம் மூச்சு விடட்டுமே. வேல நேரத்துல மட்டும் உறயக் கழட்டிரலாமா?"

"தூசி படும்மா," என்றேன். "அவன் சாமான்."

தட்டை வைத்துவிட்டுப் போய்ச் செருகினாள், உறையோடுதான்.

மூன்றாவது மாதத்தில் மேற்பார்வை செய்யும் பெண் கூப்பிட்டு, இன்னும் இரண்டு வாரம்தான், அறுந்துபோகும் அழைப்புகள் குறையாவிட்டால் கஷ்டம் என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பிரிக்பீல்ட்ஸுக்குக் கிளம்பினாள். மகன் மோடம் வாங்கிய கடை அங்கேதான் இருந்தது. நானும் வருகிறேன் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, படி இறங்கினாலே எனக்கு முட்டி வலிக்கும்.

கடைக்காரர் நாகூர்ப் பக்கத்து மரைக்காயர் குடும்பம், ஐம்பது வயதிருக்கும். நல்ல சிரிப்புக்காரர். மருமகள் பையிலிருந்து மோடத்தை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்ததும் அவர் அதைத் தொடாமலே சற்று நேரம் பார்த்தார்.

"என்ன தங்கச்சி இது? கேமரன் மலைக் குளிருக்கு அனுப்பப் போறீங்களா? ஸ்வெட்டர்லாம் போட்டிருக்கு!"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் உறையைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். "பஞ்சு வேற! அல்லா... இது அடுப்பு மாதிரி சூடு கக்குற சாமான். காத்துப் பட்டாத்தான் ஆறும். இப்படிப் போர்வையப் போத்தி வச்சா செத்துப் போவும்லா. யாரு செஞ்ச வேல இது?"

கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக வைத்திருந்த கைப்பேசிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் மருமகளின் குரல் கேட்டது.

"நாந்தாண்ணே. தூசி படக் கூடாதுன்னு தச்சேன்."

"படிச்ச பொண்ணு மாதிரி இருக்கீங்க, இப்படியா செய்வீங்க? ஆன்டியக் கேட்டிருந்தாகூடச் சொல்லியிருப்பாங்களே! என்ன ஆன்டி?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

மருமகள் சிரித்து வைத்தாள். உறையை இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அவர் காசு வாங்கவில்லை. வெறுமனே தொங்கவிடுங்கள், பக்கத்தில் ஒரு சின்ன மேசைக் காற்றாடி வையுங்கள் என்றார். திரும்பி வரும்போது புறநகர் கொம்யூட்டர் ரயிலில் இடம் கிடைத்தது. ஷா ஆலம் தாண்டியது. பிறகு அவள், "முட்டி வலிக்குதா அத்த?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

மறுநாளிலிருந்து மோடம் சூடாகவில்லை. நாள் முழுக்கப் பச்சை விளக்கு எரிந்தது. தொட்டால் கன்னம் மாதிரி வெதுவெதுப்பு, அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் ஓர் அழைப்புகூட அறுபடவில்லை. ஆனால் கம்பெனி பார்த்தது மூன்று மாதக் கணக்கையும் சேர்த்துத்தானாம், வேலை நிரந்தரமில்லை என்று கடிதம் வந்தது. மருமகள் அந்தக் கடிதத்தைக் கணினியில் வாசித்துவிட்டு மூடியை மெதுவாக மூடினாள். "பரவால்ல அத்த" என்றாள். அவள் ஆறுதல் சொன்னது எனக்கு.

அதன்பிறகு தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். நின்றுகொண்டே கையுறைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை. விடியுமுன் கம்பெனி பஸ் கீழே வந்து நிற்கும். இது நாலாவது வருடம். கால் நரம்பெல்லாம் முறுக்கிக்கொண்டு தெரிகிறது. சாயந்திரம் வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி, சாப்பிடாமலே கண்ணயர்ந்துவிடுகிறாள். உட்கார்ந்து பேசும் வேலை அவளுக்குக் கையில் இருந்தது. அதை நான் பஞ்சு வைத்து மூடினேன். அவள் அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை. கோபத்தில்கூட இல்லை. ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன், இவ்வளவு காலம் தூக்கிக்கொண்டு திரிந்திருக்க மாட்டேன்.

இப்போது கைப்பேசியிலேயே எல்லாம் வருகிறது. மோடம் மேசை இழுப்பறையில் கிடக்கிறது, உறை இல்லாமல்தான். இதை எழுத மூன்று நாள் ஆனது. நேரில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவள் படித்தது மலாய்ப் பள்ளி. தமிழ் பேசுவாள், ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் எழுத உட்கார்ந்தேனோ என்னவோ.

இன்றைக்கு ஏழரை மணிக்கு வந்துவிடுவாள். குளித்து, இரண்டு வாய் சாப்பிடட்டும். தூங்குவதற்குமுன் மோடத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, இந்தத் தாள்களை நானே அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். "யாரு செஞ்ச வேல இது?" என்று கடைக்காரர் கேட்கிற இடம் வரும்போது தாளைக் கீழே வைத்துவிடுவேன். அந்த ஒரு பதிலை வாசிக்கக் கூடாது, நானாகச் சொல்ல வேண்டும்.