இரண்டாம் பக்கத்து முகவுரை

போன வியாழக்கிழமை தபால்காரன் ஒரு கட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். பிரித்துப் பார்த்தால், சிநேகிதர் ஒருவர் சொந்தச் செலவில் அச்சிட்டுவரும் பாட்டுப் புத்தகத்தின் முதல் தாள்கள். மை இன்னும் சரியாகக் காயவில்லை. மேலே ஒரு துண்டுக் கடுதாசி: "தாங்கள் ஒரு முகவுரை எழுதித் தரவேணும். ஒரு பக்கம் போதும்."

ஒரு பக்கம் போதும்! மனிதருக்கு எப்படித் தெரியும், அந்த ஒரு பக்கம் என்ற வார்த்தைக்கு எனக்குக் காது சுடும் என்று?

நான் பாட்டுகளைப் படிக்கவில்லை. ஒவ்வொரு தாளாக எடுத்து வலப்பக்கத்தின் கடைசி வரியைத்தான் பார்த்தேன். பாட்டு அங்கே முடிகிறதா, தாளைத் திருப்பினால்தான் முடிகிறதா? யார் எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் இப்படித்தான் செய்கிறேன். வெம்பாக்கத்துப் பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் உபாத்தியாயர்கள் இதைப் பார்த்துவிட்டு, இவர் புத்தகத்தை மாடு மாதிரி பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குகிறார் என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். காரணத்தை இதுவரைக்கும் ஒருவருக்கும் சொன்னதில்லை.

அந்த மை வாடை இருக்கிறதே, காய்ச்சின எண்ணெயும் புகைக்கரியும் சேர்ந்த வாடை, அது எனக்கு எப்போதும் இன்னொரு வாடையைக் கூட்டிக்கொண்டு வரும். முள்ளிப்பட்டில் கச்சாப் பட்டு நூலைச் சவுக்காரம் போட்டு வேகவைக்கிற வாடை. ஆரணியிலிருந்து நடந்து போனால் வீடு கண்ணில் படுமுன்னே மூக்கில் படும். மழைக்காலத்தில் தலைமயிரில் ஏறிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பூசை வரைக்கும் கூடவே வரும். அந்த வாடைக்கு நடுவில்தான் என் அக்காள் ஆரோக்கியம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் புருஷன் சவரிமுத்து மாமாவுக்குத் தறி. பெரிய நெசவுக்காரர் வீட்டிலிருந்து பட்டும் சரிகையும் வாங்கிவந்து வீட்டிலேயே நெய்து கொடுப்பார்.

மாமா பாட்டுக் கட்டுவார். சபையில் பாடுகிற பாட்டல்ல, தறியில் பாடுகிற பாட்டு. தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, வலக்கையால் நூல் கோத்த மர நாடாவை எறிந்து இடக்கையால் வாங்குகிற தாளத்துக்கு அளந்து கட்டின பாட்டு. ஒரு பாட்டில் பாதி புருஷன் கேட்கிற கேள்வி, பாதி பெண்சாதி சொல்கிற பதில். கேள்வியை மாமா கட்டுவார். பதிலை, பக்கத்தில் உட்கார்ந்து ராட்டினத்தில் நாடாவுக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே அக்காள் கட்டுவாள்.

"எறிஞ்ச கையி வலக்கையி, வாங்குன கையி இடக்கையி, எந்தக் கைக்குக் கூலியடி?" என்று மாமா இழுப்பார்.

அதற்கு அக்காள் சொன்ன பதிலைக் கேட்டு எதிர்வீட்டுத் தறி நின்றுபோகும். அவ்வளவு சிரிப்பு.

பதினைந்து பாட்டு சேர்ந்ததும் மாமாவுக்கு ஓர் ஆசை வந்தது. முள்ளிப்பட்டில் பாதி வீட்டில் யாராவது ஒருவருக்கு எழுத்துத் தெரியும். தறிக்கும் ராட்டினத்துக்கும் நடுவே கயிற்றில் ஒரு பலகையைத் தொங்கவிட்டு, அதில் புத்தகத்தை விரித்து வைத்தால், இடப்பக்கத்தைப் பார்த்து அவன் பாட, வலப்பக்கத்தைப் பார்த்து அவள் பாட, வேலை நிற்காமல் நாள் ஓடும். ஒரு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து, வேலூரில் ஒரு சின்ன அச்சுக்கூடத்தில் இருநூறு பிரதி போட ஏற்பாடு செய்தார். தறியை விட்டு அவர் போகமுடியாது. ஆகவே போனது நான்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு உத்தியோகத்துக்கு மனுப்போட்டுக்கொண்டு, ஆரணிக் கடைவீதியில் இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். புத்தகத்தைக் கக்கத்தில் வைப்பதிலும் ஒரு தினுசு உண்டு. தலைப்பு வெளியே தெரியவேண்டும்.

மாமா தன் கையால் எழுதின நோட்டைக் கொடுத்தார். ஒவ்வொரு பாட்டும் இடப்பக்கத்தில் தொடங்கி எதிர்ப்பக்கத்தில் முடியும்படி எழுதியிருந்தார்.

"மச்சான், பெரிய எழுத்தா இருக்கணும். பொஸ்தகத்த விரிச்சா ஒரு பாட்டு முழுசாத் தெரியணும். அது ரெண்டுதான் நான் கேக்கறது. தறியில குந்திகினு தாளத் திருப்பக் கையி கெடையாது. திருப்புனாலும் மை ஒட்டிக்கும். அந்தக் கையோட பட்ட தொட முடியுமா?"

"இதெல்லாம் சொல்லணுமாங்க மாமா?" என்றேன்.

அக்காள் ராட்டினத்தை நிறுத்தாமலே, "சொல்லுங்க, இன்னும் ரெண்டு தடவ சொல்லுங்க. அவன் காது இங்கிலீஷ் காது, தமிழு ஜல்தியா ஏறாது" என்றாள்.

அச்சுக்கூடத்தில் நாயுடு ஒருவர்தான் எல்லாம். எழுத்துக் கோப்பவர், அச்சடிப்பவர், மடிப்பவர், மோர் வாங்கி வருபவர். நோட்டை அவர் தாள் தாளாகப் பிரித்து எழுத்துப் பெட்டிக்கு மேலே செருகியபோதே கணக்கைச் சொல்லிவிட்டார். பெரிய தாளில் அச்சடித்து மடித்தால் முப்பத்திரண்டு பக்கம். முதல் பக்கம் தலைப்பு, அது வலப்பக்கம். இரண்டாம் பக்கம் முதல் பாட்டு தொடங்கினால் இரண்டும் மூன்றும் எதிரெதிரே வரும். அப்படியே முப்பத்தொன்று வரைக்கும் பதினைந்து பாட்டும் உட்கார்ந்துவிடும். கடைசியில் ஒரு பக்கம் மிச்சம்.

"அளந்து தெச்ச சட்டையாட்டம் இருக்குதுங்க தம்பி. உங்க மாமா விவரமான ஆளு" என்றார் நாயுடு.

எனக்கோ ஒரே ஏமாற்றம். தலைப்பைத் திருப்பினதும் பாட்டா? நான் பார்த்த இங்கிலீஷ் புத்தகம் எதுவும் அப்படித் தடாலென்று தொடங்கியதில்லை. யாராவது ஒரு பெரியவர் முன்னால் வந்து நின்று தொண்டையைக் கனைத்துக்கொள்ளவேண்டாமா? தலைப்புப் பக்கத்தில் "ஆரணியைச் சார்ந்த முள்ளிப்பட்டு சவரிமுத்துவால் இயற்றப்பட்டு" என்ற வரிக்குக் கீழே, என் பெயரைப் போட்டு "அவர்களால் பரிசோதிக்கப்பட்டது" என்று ஏற்கெனவே சேர்த்துவிட்டேன். நான் பரிசோதித்தது எழுத்துப் பிழை நாலு. அதில் ஒன்று நான் போட்டது. அதுவும் போதாமல் இரண்டு நாள் சத்திரத்தில் உட்கார்ந்து ஒரு முகவுரை எழுதினேன். "கல்விச் சமுத்திரத்தின் கரையில் நின்று கால் நனைத்த சிறியேன்" என்று தொடங்கும். சமுத்திரம் மூன்று இடத்தில் வரும். தலைமை உபாத்தியாயருக்கு வந்தனம் உண்டு, அச்சுக்கூடத்துக்கு வந்தனம் உண்டு. பாதிப் பாட்டைக் கட்டினவள் என் அக்காள் என்பது மட்டும் அதில் கிடையாது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். கரண்டி பிடிக்கிற ஒரு பொம்பிளையின் பெயர் அந்தச் சமுத்திரத்துக்குப் பக்கத்தில் நன்றாயிருக்காது என்று பட்டது.

நாயுடு அந்தத் தாளை வாங்கி ஒரு தரம் படித்தார். பென்சிலை எடுத்து மூலையில் "கடைசிப் பக்கம்?" என்று குறித்தார்.

"கடைசியில போட்டா அது எப்படிங்க முகவுரை?" என்றேன்.

"முன்னால போட்டா எல்லாப் பாட்டும் ஒரு பக்கம் தள்ளிப்போவுங்க. கேள்வி தாளுக்கு முன்னால, பதிலு தாளுக்குப் பின்னால. உங்க மாமா நோட்டுல எதிரெதிரா எழுதிக்கீறாரே, பாத்தீங்க இல்ல?"

பார்த்தேன். மாமா சொன்னதும் அந்த க்ஷணமே ஞாபகம் வந்தது. இதைத்தான் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஞாபகம் இல்லாமல் செய்த காரியமல்ல. நாயுடு காத்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு வண்டிமாடு மணியாட்டிக்கொண்டிருந்தது. அவர் பென்சிலையே வாங்கி, அவர் எழுதினதை அடித்துவிட்டு, "முதலில்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

"உங்க இஷ்டம்" என்றார்.

கட்டுகள் முள்ளிப்பட்டுக்கு வந்து சேர்ந்த அன்று மாமா குளித்துவிட்டு வந்து தறியில் உட்கார்ந்தார். பலகையில் புத்தகத்தை விரித்து வைத்தது நான்தான். இடப்பக்கம் என் சமுத்திரம். வலப்பக்கம் முதல் பாட்டு. மாமா எறிந்துகொண்டே பாடினார். பக்கத்தின் அடிவரைக்கும் பாடினார். அக்காள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

நாடா நின்றது.

மாமா தன் இரண்டு கையையும் பார்த்தார். அப்புறம் பலகையைப் பார்த்தார். அக்காள் எழுந்து வந்து, முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, தாளைத் திருப்பினாள். தன் பதில் அந்தப்பக்கம் இருப்பதைக் கண்டாள். அடுத்த பாட்டும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

"ஏண்டா, என்னக் கொண்டுபோயி தாளுக்குப் பின்னால உக்கார வச்சிட்டியேடா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மாமா என்னைப் பார்த்து, "எப்பிடி மச்சான் இப்பிடி ஆச்சி?" என்றார். கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அந்த நாயுடு பண்ண வேலைங்க மாமா. எவ்ளோ சொல்லியும் கேக்கல."

இப்படியொரு பொய் எத்தனை சுலபமாக வாயில் வருகிறது, பார்த்தீர்களா? முகவுரைக்கு இரண்டு நாள் பிடித்தது. இதற்கு ஒரு மூச்சுகூடப் பிடிக்கவில்லை.

"பாவம், அவனுக்குத் தறி தெரியாது" என்றார் மாமா.

வாங்கிப்போனவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். யாரும் முகத்தை முறிக்கவில்லை. "பாட்டு ஷோக்காக்கீதுபா. பொஸ்தகம்தான் பேஜாரு. தாளத் திருப்பிகினு இருந்தா பொடவ எப்ப முடியிறது?" என்று வைத்துவிட்டுப் போனார்கள். கடைத்தெருவில் சம்பந்தம் என்ற ஒருவன் மட்டும் முகவுரை நன்றாயிருக்கிறது என்றான். அவனுக்குத் தறி கிடையாது.

தறியில் ஒரு புடவை அறுத்து முடிந்ததும் மாமா என்னிடம் சொல்லாமல் வேலூருக்குப் போனார். தாளை வேறு மாதிரி அடித்துத் தரமுடியுமா என்று கேட்கப் போனாராம். மறுநாள் சாயங்காலம் வந்தார். காலைக் கழுவினார். மடியிலிருந்து நாலாக மடித்த ஒரு காயிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். என் முகவுரையின் கையெழுத்துப் படி. மூலையில் "கடைசிப் பக்கம்?" அடித்திருந்தது. அதற்குப் பக்கத்தில் "முதலில்". என் கையெழுத்து.

"நாயுடு நல்ல மனுசன். மோரு வாங்கிக் குடுத்தாரு" என்றார் மாமா.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை, அன்றைக்கும் இல்லை, அப்புறமும் இல்லை. இரண்டு அறை விட்டிருந்தால் நான் பிழைத்துப்போயிருப்பேன்.

மறுநாள் காலையில் அவர் புத்தகக் கட்டை அவிழ்த்துத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு கத்தியைக் கொடுத்தார். வழி கண்டுபிடித்துவிட்டார். ஒரு தாளின் முன்பக்கத்தில் கேள்வி, பின்பக்கத்தில் பதில். ஒரு பிரதியின் தாளை நேராகவும் இன்னொரு பிரதியின் அதே தாளைத் திருப்பியும் பக்கத்தில் பக்கத்தில் சுவரில் ஒட்டினால் பாட்டு முழுசாகிவிடும். இரண்டு புத்தகம் சேர்ந்து ஒன்று. இருநூறு நூறாயிற்று. பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியையே பசையாக்கி, வீடு வீடாகப் போய்த் தறிக்கு எதிர்ச்சுவரில் நானும் அவரும் ஒட்டினோம். என் சொந்தப் பிரதியையும் பிரித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் தாள் மட்டும் மிஞ்சியது. முன்னால் என் பெயர், பின்னால் என் முகவுரை. அதில் பாட்டு இல்லை.

"இத இன்னாடா பண்றது, கல்விச் சமுத்திரம்?" என்று அக்காள் கேட்டாள். அடுப்பு மூட்ட நன்றாகப் பிடிக்கிறது என்று நாலு நாள் கழித்துச் சொன்னாள்.

கொஞ்ச வருஷம் அந்தத் தெருவில் நடந்தால் ஒரு வீட்டில் கேள்வி கேட்கும், நாலு வீடு தள்ளி யாரோ ஒருத்தி பதில் சொல்லுவாள். மாமாவிடம் உண்மையைச் சொல்லவேண்டியதில்லை, அவருக்குத் தெரியும். அக்காளிடம் சொல்லியிருக்கவேண்டும். நாளைக்கு, அடுத்த பண்டிகைக்கு என்று தள்ளினேன். ஒரு கோடையில் பேதி வந்தது. அவளைக் கொண்டுபோயிற்று. மாமா அவளிடம் காட்டிக்கொடுத்தாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

அப்புறம் ஒருநாள், பாட்டுகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன் என்று மாமாவிடம் போய் உட்கார்ந்தேன். சுவரில் ஒட்டின தாள்கள்மேல் கிறிஸ்துமஸ் சுண்ணாம்பு இரண்டு மூன்று பூச்சு ஏறியிருந்தது. மாமா தன் பங்கைச் சொன்னார். ஒரு கேள்வி சொல்லி முடித்து, பதில் சொல்லப் பிடிக்கிற நேரத்துக்குச் சும்மா இருந்து, அடுத்த கேள்விக்குப் போனார்.

"அக்கா பங்குங்க மாமா?"

"அது அவளோடது. அவதான் சொல்லணும்."

தறியை விற்றுவிட்டு அவர் பெங்களூரில் இருக்கும் தம்பியிடம் போய்விட்டார். வேலூரில் நாயுடுவின் அச்சுக்கூடம் இருந்த இடத்தில் இப்போது அரிசி மண்டி. முள்ளிப்பட்டில் போய்க் கேட்டேன்; எந்தச் சுவரிலும் தாள் மிஞ்சவில்லை. பழைய ஆட்களுக்கு இரண்டு மூன்று கேள்வி ஞாபகம் இருக்கிறது. பதிலுக்கு வந்தால் சிரித்துவிட்டு, "இன்னாவோ சொல்லுவாபா, நல்லாச் சொல்லுவா" என்கிறார்கள். எந்தக் கைக்குக் கூலி என்று அவள் சொன்னது எனக்கும் வரவில்லை. எத்தனையோ தரம் கேட்டுச் சிரித்தவன் நான்.

சிநேகிதரே, உம்முடைய தாள்கள் என் மேஜையில் இருக்கின்றன. பாட்டுகள் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருக்கின்றன. முகவுரை என்னிடம் கேட்காதீர்.

என் பெட்டியின் அடியில் ஒரு தாள் கிடக்கிறது. அடுப்புக்குப் போகாமல், என் பிரதியிலிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது. இருநூறு புத்தகத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். ஒரு பக்கம் என் பெயர். திருப்பினால் சமுத்திரம். மறுபடி திருப்பினால் என் பெயர்.