ஸ்லாத்தாவின் வாய்

சோவியத் நாட்டின் கிழக்குக் கோடியில், பிரோபிஜானில் ரயிலை விட்டு இறங்கிய அன்றே ஸ்லாத்தா சண்டையை ஆரம்பித்துவிட்டாள். யூதர்களுக்கென்று தனி மண், ஆளுக்கு ஒரு வீடு என்று உக்ரைனில் கூட்டம் போட்டுச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். இங்கே முழங்கால் வரை சேறு, கண்ணைத் திறக்கவிடாத கொசு, பத்துக் குடும்பத்துக்கு ஒரு கொட்டகை.

“வீடு எங்கய்யா?” என்று குடியேற்ற அதிகாரியைக் கேட்டாள்.

“அதோ மரம் நிக்குதே. வெட்டிக் கட்டிக்கோ.”

கூட வந்தவர்களில் பாதிப் பேர் குளிருக்கு முன்பே திரும்பிப் போனார்கள். ஸ்லாத்தாவும் கணவன் நோஹிமும் மரம் வெட்டி வீடு கட்டினார்கள். முதல் குழந்தையைக் காய்ச்சல் கொண்டுபோனது. அடுத்தவன் ஃபிமா பிழைத்தான்.

வீட்டில் பேசிய, யூதர்களின் யித்திஷ் மொழியையே நோஹிம் பள்ளியில் சொல்லிக்கொடுத்தான். அதற்கென்று அரசாங்கமே அவனை அமர்த்தியிருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த சில வருஷங்களில் காற்று திசை மாறியது. பள்ளியை மூடினார்கள். யித்திஷ் சொல்லிக்கொடுத்து யூத இனவாதத்தைப் பரப்பினான் என்று நோஹிமைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அதே குடியேற்ற அதிகாரி, அவரும் யூதர்தான், இப்போது பெரிய நாற்காலியில் இருந்தார். ஸ்லாத்தா நேரே உள்ளே போனாள்.

“சொல்லிக்குடுன்னதும் நீங்க, சொல்லிக்குடுத்தான்னு உள்ள தள்ளினதும் நீங்களா?”

“மெதுவாப் பேசு. ரஷ்ய மொழியில பேசு.”

“ஏன், உங்கம்மா உங்கள எந்த பாஷையில தாலாட்டினா?”

மறுநாள் பால் பண்ணையில் அவள் வேலை போயிற்று. சந்தையில் ஊறுகாய் விற்றாள், அதுவும் யித்திஷில் கூவி. தெரிந்தவர்கள்கூடப் பயந்து பக்கத்துக் கடைக்கு நகர்ந்தார்கள்.

ஃபிமாவுக்கு மீசை அரும்பிய வருஷம் நோஹிம் சிறை முகாமிலிருந்து பல்லெல்லாம் கொட்டி வந்து நின்றான். ஸ்லாத்தா யித்திஷில் பேசினாள். அவன் ரஷ்ய மொழியில் பதில் சொன்னான்.

“அக்கம்பக்கத்துல கேக்கும் ஸ்லாத்தா.”

“கேக்கட்டுமே!” என்று சூப் கிண்ணத்தைச் சுவரில் வீசினாள். அவன் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினான். சாகும்வரை ஒரு யித்திஷ் சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. அவனை அப்படி ஆக்கியவர்களை அவள் தினமும் பேர் சொல்லித் திட்டினாள்.

வெகுகாலம் கழித்து, சோவியத் ஆட்சி சரிந்து, ஊரே இஸ்ரேலுக்கு மூட்டை கட்டியபோது ஃபிமாவும் கிளம்பினான்.

“வாம்மா. அது நம்ம நாடு. வீடும் தர்றாங்க.”

“இப்படிச் சொல்லித்தான்டா எங்களயும் ரயிலேத்தினாங்க.”

“அது வேற, இது வேறம்மா.”

“வேறயாவே இருக்கட்டும், நீ போய் நல்லாயிரு. என் பிள்ளையும் புருஷனும் இந்த மண்ணுல கிடக்காங்க. இவனுங்க பண்ணினத சத்தமாச் சொல்ல ஒருத்தி இங்க இருக்கணும்.”

ஃபிமா குடும்பத்தோடு போனான். ஸ்லாத்தா மேலும் சில குளிர்காலங்களைத் தனியாகவே கழித்தாள். நகர விழாவுக்கு, முதல் குடியேறிகளில் ஒருத்தி என்று பூங்கொத்தோடு அழைக்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, மூச்சு வாங்கும்வரை யித்திஷில் வைதாள். அவர்களில் ஒருவருக்கும் ஒரு சொல் புரியவில்லை.