குண்டனி நாட்டில் பிறந்தவள்

1999-ஆம் வருடம், ஆடி மாதம். கொல்லிமலைக்கு மேலே ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அடிவாரத்தில் சோளமும் கடலையும் போடும் குடும்பம் எங்களுடையது. வீட்டு வாசலில் நின்றால் மலை தெரியும். தெரிந்து என்ன, இருபத்து மூன்று வயது வரைக்கும் நான் மேலே ஏறியதே கிடையாது. முதல் நாள் எழுபது கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் கடந்து இறங்கியபோது, கையிலிருந்த எலுமிச்சம்பழம் முகர்ந்து முகர்ந்தே வதங்கிப் போயிருந்தது. இந்த வேலையே வேண்டாம் என்று அன்றைக்கு நான் அழுததை என் அம்மா இன்னும் சொல்லிச் சிரிப்பார்.

அந்த அலுவலகத்தை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது மூடுபனிதான். மதியம் இரண்டு மணிக்கே ஜன்னல் வழியாக உள்ளே வந்து, மனு கொடுக்க வந்தவர் மாதிரி மேசைப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகும். காகிதமெல்லாம் நமுத்துப் போயிருக்கும். பேனாவை வைத்தால் மை ஊறிப் பரவும். எதிரில் ஒரு பலாமரம் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகும், பிறகு எப்போது திரும்பி வந்தது என்றே தெரியாமல் அங்கே நிற்கும். மழை விட்ட பிறகும் அதன் இலைகள் வெகுநேரம் சொட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் எனக்கு வேலை நேரத்திலேயே கண் சொக்கும். பாதி நாள் தூக்கத்தில் நடப்பவள் மாதிரிதான் இருந்தேன். ஆனால் வாய் மட்டும் நன்றாக விழித்திருக்கும். வந்தவர்களிடம் எரிந்து விழுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை ஓர் அப்பாவும் மகளும் வந்தார்கள். அவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அரியூர்ப் பக்கம் மரவள்ளி போடுகிறவர்.

"ஏனுங்க, பாப்பாவுக்குப் பொறந்த சீட்டு ஒண்ணு வேணுமுங்க" என்றார்.

பாப்பா என்று அவர் சொன்னது, அவர் தோளுக்கு மேல் வளர்ந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணை. அவளுக்கு நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் வயது இரண்டு மாதம் குறைகிறது என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். குறைந்தது அவள் வயதல்ல, அவள் சான்றிதழின் வயது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார், வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்லிப் பார்த்துவிட்டு, அவராக ஒரு தேதியைப் போட்டுவிட்டாராம். அந்தக் காலத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான். எனக்கும் வாத்தியார் போட்ட பிறந்தநாள்தான். அவள் பிறந்தது உண்மையில் தை மாதம், பொங்கல் கழித்து. அதற்குப் பதிவேட்டின் நகல் வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் கீழே கொண்டுபோய்க் காட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

நான் கேட்டது ஒரே கேள்வி. "எந்த ஊரு?" அவர் தன் ஊரைச் சொன்னார். படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள்.

திரும்பி வந்த படிவத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. 'குழந்தை பிறந்த நாடு' என்று அச்சடித்திருந்த இடத்தில் குண்டனி நாடு என்றும், 'பெற்றோர் வசிக்கும் நாடு' என்ற இடத்தில் அரியூர் நாடு என்றும் எழுதியிருந்தாள்.

"நாடுன்னா இந்தியாம்மா! பன்னண்டாவது படிச்சிருக்கே, இதுகூடத் தெரியாதா?" என்று சொல்லி, சிவப்பு மையால் இரண்டையும் அடித்து, மேலே இந்தியா, இந்தியா என்று எழுதினேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டேன்.

புதன்கிழமை முழுக்க அவருடைய ஊரின் பிறப்புப் பதிவேட்டைத் தேடினேன். சந்தேகத்துக்கு முன்னும் பின்னுமாக மூன்று வருடம் பார்த்தேன். அப்போதெல்லாம் குழந்தை பெயர் கட்டம் காலியாகத்தான் இருக்கும். அப்பா பெயரை வைத்துத்தான் தேட வேண்டும். பழைய பதிவேடுகள் கட்டியிருந்த துணி மூட்டையைப் பிரித்து, அரித்துப்போன ஓரங்களை ஒதுக்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தேன். சோம்பேறித்தனம் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பெயர் எங்கேயும் இல்லை.

வியாழக்கிழமை மதியம் மறுபடி வந்தார்கள். 'மேற்படி பிறப்பு பதிவேட்டில் இல்லை' என்று எழுதி, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்திக் கொடுத்தேன்.

"இதை வெச்சு கோர்ட்டுல உத்தரவு வாங்கிட்டு வாங்க. புதுசாப் பதிஞ்சு தரலாம்."

"எத்தனை நாளாகுமுங்க?"

"நாளா? மாசக்கணக்காகும்."

அவர் அந்தக் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே பலாமரம் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அப்போது பனி மட்டும்தான் இருந்தது. "போயிட்டு வாரேனுங்க" என்று அவர் மரியாதையாகச் சொல்லிவிட்டு நடந்தார். அதில் ஒரு துளி கோபம் இருந்திருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவர்கள் போன பிறகு, எங்கள் அலுவலக உதவியாளரிடம் அந்தப் படிவத்தைக் காட்டினேன். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். மூட்டைகளை எடுத்துத் தருவதும் கட்டி வைப்பதும் அவர்தான். "பாருங்க, பொறந்த நாடு குண்டனி நாடாம், குடியிருக்கற நாடு அரியூர் நாடாம். பாஸ்போர்ட்டே எடுக்கணும் போல இருக்கு!" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

"சரியாத்தானுங்கம்மா எழுதியிருக்காரு. இந்த மலையில ஊருகளையெல்லாம் நாங்க நாடு நாடாப் பிரிச்சுத்தான் சொல்லுவோம். அவரு இருக்கறது அரியூர் நாடு. தலைச்சன் புள்ளையா இருக்கும், அதோட அம்மா பொறந்த ஊட்டுல பொறந்திருக்கும். அது குண்டனி நாடு. நீங்க அந்த நாட்டு நோட்டைப் பாத்தீங்களா, இல்லீங்களா?"

நானும் என் அம்மாவின் பிறந்த வீட்டில் பிறந்தவள்தான். எங்கள் பக்கமும் தலைப் பிரசவம் தாய்வீட்டில்தான். எங்கே தேட வேண்டும் என்று அந்த அப்பா படிவத்திலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அதைத்தான் நான் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன்.

"அவங்க பஸ்ஸு இன்னும் போயிருக்காதுங்கம்மா" என்றார் உதவியாளர். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன்.

வெளியே பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. பாதை, கடைகள், பஸ் நிற்கும் இடம் எல்லாம் வெள்ளைக்குள் போய்விட்டிருந்தன. ஆட்கள் தெரியாமல் பேச்சு மட்டும் கேட்டது. யாரோ மிளகு விலை பேசினார்கள், யாரோ இருமினார்கள். எங்கோ ஒரு பஸ் உறுமியது. முன்னாலா பின்னாலா என்று புரியவில்லை. நான் நடப்பது தரையிலா என்றே சந்தேகமாக இருந்தது. முந்தின நாள் முழுக்கத் தேடித் தேடிப் பார்த்த அந்த அப்பாவின் பெயர், அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வரவில்லை. "ஏனுங்க! ஏனுங்க!" என்று கத்தினேன். பனிக்குள்ளிருந்து நாலைந்து பேர் "என்னங்க?" என்றார்கள். கத்தினது தப்பு; அந்த ஊரில் எல்லோருமே ஏனுங்கதான்.

பிறகு என்ன தோன்றியதோ, இருக்கிற தொண்டையையெல்லாம் கூட்டி, "குண்டனி நாட்டுல பொறந்த புள்ள! குண்டனி நாட்டுல பொறந்த புள்ள எங்க இருக்கே?" என்று கூப்பிட்டேன்.

ஒரு நிமிடம் எல்லாப் பேச்சும் நின்றது. அப்புறம் இடது பக்கமிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது.

"இங்கிருக்கேனுங்க!"

குரல் வந்த திசையில் நடந்தேன். பஸ் ஜன்னலும், அதிலிருந்து நீட்டிய ஒரு கையும் மெதுவாகத் தெளிந்து வந்தன. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "இறங்குங்க, இன்னொரு நோட்டு இருக்கு, பாத்துரலாம்" என்றேன். அவர்கள் இறங்கியதும் பஸ் கிளம்பிவிட்டது.

நாங்கள் திரும்புவதற்குள் உதவியாளர் குண்டனி நாட்டு மூட்டையைப் பிரித்து வைத்திருந்தார். நாலு பேரும் குனிந்து பார்த்தோம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தை மாதம். அப்பா பெயர், அம்மா பெயர், பெண் குழந்தை. கடைசிக் கட்டத்தில், தகவல் தந்தவர்: குழந்தையின் தாய்மாமன். பக்கத்தில் ஊதா மையில் ஓர் இடது கைப் பெருவிரல் ரேகை.

அவருக்காக அதை வாய்விட்டுப் படித்தேன். அவர் வெகுநேரம் அந்த ரேகையையே பார்த்தார்.

"இவனா? இவனா வந்து எழுதி வெச்சான்?"

ஏழு வருடமாக மச்சானோடு பேச்சுவார்த்தை இல்லையாம். ஒரு கல்யாணப் பந்தியில் வந்த வாய்ச்சண்டை. அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை, மனைவியையும் அனுப்பவில்லை.

"அதனாலதானுங்க அந்தப் பேச்சை நானா எடுக்கல. நீங்க குடுத்த தாள்ல எங்க பொறந்துதுன்னு கேட்டிருந்துது, சொன்னனுங்க. நீங்க அடிச்சுட்டீங்க. சரி, அதுவும் வேண்டாமாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேன்" என்றார். பிறகு, "புள்ள பொறந்தப்ப நான் கீழ வேலைக்குப் போயிருந்தனுங்க. அவங்க ஊருக்கு அப்ப ரோடே கெடையாது. அந்தப் பனியில இதுக்குன்னு நடந்தே வந்திருக்கான் பாருங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்க" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாமன் வெரலாப்பா இது?" என்று கேட்டாள் அந்தப் பெண். மை கலைந்துவிடுமோ என்று பயந்தவள் போல, தொடாமல், தன் பெருவிரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

நகல் எழுதினேன். அதிகாரி முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். முதலில் கொடுத்த காகிதத்தை வாங்கிக் கிழித்துப் போட்டேன். மன்னிச்சிடுங்க என்று இருவரிடமும் சொன்னேன். சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். "அட, உடுங்க சாமி. ஓடியாந்தீங்கல்ல" என்றார் அவர்.

அவர்கள் ஊர்ப்பக்கம் போக அதற்கு மேல் பஸ் இல்லை. ஆறு மணிக்குக் குண்டனி நாட்டுப் பக்கம் போகும் பஸ் ஒன்றுதான் பாக்கி. அவர் ரோட்டோரம் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மகளிடம், "மாமன் ஊட்டுக்குப் போலாமா, கண்ணு? காலையில அங்கிருந்தே கீழ போயிக்கலாம்" என்றார். அவள் ஓடிப்போய் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். வெறுங்கையோடு போக மனமில்லாமல் அவர் பெட்டிக்கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினார். பஸ் நகர்ந்தது. சிவப்பு விளக்கு கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு பனியோடு போய்விட்டது. வழியனுப்ப வந்த நான், இன்னும் செருப்பு மாட்டாத வெறுங்காலோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அவள் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள் என்று அடுத்த வாரம் உதவியாளர் வந்து சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை காலை அவளைக் கீழே கூட்டிப்போனது அப்பா மட்டுமல்ல, மாமனும்தானாம்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்துவிட்டேன். ஆனாலும், ஒரு மனிதர் அத்தனை தூரம் நடந்து வந்து வைத்துவிட்டுப் போன கைநாட்டை 'இல்லை' என்று எழுதி முத்திரை குத்தியவள் நான் என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது; அதனால்தான் வரிசை எவ்வளவு நீளமாக நின்றாலும், அந்த வார்த்தையை எழுதுவதற்கு முன்னால் எதிரில் நிற்பவரை உட்காரச் சொல்லி, அவர் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லவிட்டுக் கேட்கிறேன்.